ஸ்டெரி-ஸ்ட்ரிப்: ஊசி படாமல் காயம் மூடும் பட்டை, ஒரு தியேட்டர் நர்ஸின் மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரான, சுத்தமான, ஆழமில்லாத வெட்டுக்காயத்துக்கும், உள்தையல் போட்டு முடித்த ஆபரேஷன் காயத்துக்கும் இந்த ஒட்டுப் பட்டையைவிட நல்ல பொருளை நான் கையாண்டதில்லை. அதே பட்டையை ஈரத் தோலில், விறைப்பாக இழுத்து, முழங்கால் முட்டியின் மேல் ஒட்டிப் பாருங்கள். மறுநாளே கழன்று வரும், இல்லையென்றால் தோலையும் சேர்த்துக் கெடுக்கும். நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒட்டுவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில்தான் தீர்மானமாகின்றன. கடையில் வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களும் இப்போது நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஆபரேஷன் தியேட்டரிலும், சின்னச் சின்ன ஆபரேஷன்கள் நடக்கும் மைனர் ஓ.டி.யிலும் வேலை பார்க்கும் நர்ஸ். டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், காயம் மூடியபின் டிரெஸ்ஸிங் செய்வதும், ஒரு வாரம் கழித்து நோயாளி வரும்போது பிரித்துப் பார்ப்பதும் என் வேலை. ஒட்டியவர் அடுத்த கேஸுக்குப் போய்விடுவார். அவர் எப்படி ஒட்டினார் என்பது பிரிக்கிற கைக்குத்தான் தெரியும்.

பொருளைப் பார்ப்போம். கிருமி நீக்கிய கவரைப் பிரித்தால் உள்ளே ஒரு அட்டை, அதில் வரிசையாக ஒட்டிய வெள்ளைப் பட்டைகள். நெய்யாமல் அழுத்திச் செய்த ரேயான் துணி அது. நீளவாக்கில் மெல்லிய பாலியெஸ்டர் நூல்கள் ஓடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோடு கோடாகத் தெரியும். பட்டை நீண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது அந்த நூல்கள்தான். அடியில் தோலுக்கு அதிகம் அலர்ஜி தராத அக்ரிலேட் பசை. ரப்பர் லேடெக்ஸ் சேர்ப்பதில்லை. துணி வழியே வியர்வை ஆவி வெளியேறிவிடும் என்பதால் அடியில் தோல் ஊறிப்போய் வெளுப்பதில்லை. சாதாரண பிளாஸ்திரிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான் என்பேன்.

ஸ்டெரி-ஸ்ட்ரிப் என்பது 3எம் நிறுவனம் கொண்டுவந்த பெயர். 2024-ல் அந்த நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு சால்வென்டம் என்று தனியாகப் பிரிந்தது. பட்டை இப்போது அவர்களுடையது. லூக்கோஸ்ட்ரிப் போல வேறு கம்பெனிப் பட்டைகளும் உண்டு. தியேட்டரில் எதைக் கொடுத்தாலும் "ஸ்டெரி-ஸ்ட்ரிப்" என்றுதான் கேட்பார்கள்.

அளவுகள் பல. 3 மி.மீ. அகலமும் 75 மி.மீ. நீளமும் கொண்டது முகத்துக்கு, கண்ணிமைப் பக்கத்துக்கு. 6 × 75 கவரில் மூன்று பட்டை, 6 × 100 கவரில் பத்துப் பட்டை. அன்றாடம் கைக்கு வருவது இவைதான். 12 × 100 கவரில் ஆறு பட்டை. வயிறு, முதுகு, தொடை போன்ற இடங்களுக்கு. 25 × 125 என்று ஓர் அங்குல அகலப் பட்டையும் இருக்கிறது, அதை அபூர்வமாகத்தான் திறக்கிறோம். என்னைக் கேட்டால் 6 × 100 ஒன்று போதும், முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். நீளம் அதிகம் என்றால் கிருமி நீக்கிய கத்தரியால் அட்டையோடு பாதியாக வெட்டிக்கொள்ளலாம்.

பட்டையை எடுப்பதிலேயே ஒரு பழக்கம் வேண்டும். அட்டையின் ஓரத்தில் துளைக்கோடு போட்டிருப்பார்கள். முதலில் அந்தக் கோட்டில் மடித்து ஓரத்தைக் கிழித்துவிட வேண்டும். அப்போதுதான் பட்டைகளின் நுனி அட்டையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஃபோர்செப்ஸ் இடுக்கியால் பிடிக்க வரும். இதைக் கிழிக்காமல் நடுவில் நகத்தால் நோண்டினால் முதல் பட்டை கையுறையில் ஒட்டும், இரண்டாவது தன்மேலேயே சுருண்டுகொள்ளும். நுனியைப் பிடித்துச் சற்றுச் சாய்வாக, அவசரப்படாமல் உரித்தால் பட்டை நேராக வரும். வெடுக்கென்று உரித்த பட்டை நுனி சுருண்டு நிற்கும். அந்தச் சுருண்ட நுனி தோலிலும் முதலில் கழன்றுவிடும். பசைப் பக்கம் விரல் பட்ட பட்டையை நான் ஒதுக்கிவிடுவேன்.

அறுவை மருத்துவர்கள் இதை மூன்று வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். தனியாகவே காயத்தை மூடுவது முதலாவது. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே கேமராவை விட்டுச் செய்யும் ஆபரேஷனில், போட்ட 5 மி.மீ. துளைகள், மேலோட்டமான வெட்டுகள், இழுவை இல்லாத இடங்கள் இதில் அடங்கும். இரண்டாவது, தோலுக்கு அடியில் கரையும் நூலால் உள்தையல் போட்டபின் மேலே போர்த்துவது. மூன்றாவது, தையல் பிரித்தபின் காயத்துக்குக் கைத்தாங்கல் கொடுப்பது.

இந்த மூன்றாவது வேலையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். முகத்தில் மூன்றிலிருந்து ஐந்து நாளில் தையலைப் பிரிக்கிறோம், உடம்பில் ஏழு முதல் பத்து நாளில். பிரிக்கும் அன்று காயம் மூடியிருக்கும், நோயாளியும் ஆறிவிட்டது என்று நினைப்பார். உண்மையில் முதல் வாரம் முடியும்போது அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மூன்று மாதத்தில்தான் 80 சதவீதத்தை எட்டும். அதற்குமேல் பழைய தோலின் முழு பலம் திரும்புவதே இல்லை. நூலை எடுத்த அடுத்த நிமிடத்திலிருந்து அந்தப் புதுத் தோல் தன்னந்தனியாக இழுவையைத் தாங்க வேண்டும். தாடையில், தோளில், முதுகில் தையல் பிரித்துவிட்டுப் பட்டை ஒட்டாமல் அனுப்பினால் தழும்பு அகலமாவதற்கு வழி விட்டதாகத்தான் அர்த்தம். அதனால் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தையலைப் பிரித்து, பிரித்த இடத்திலெல்லாம் பட்டை ஒட்டி, பிறகு மீதியைப் பிரிப்பேன்.

உள்தையலுக்கு மேல் போர்த்துவதைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. 2015-ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில் ஒரே காயத்தின் பாதிக்கு உள்தையலோடு பட்டையும், மறுபாதிக்கு உள்தையல் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். தழும்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உள்தையல் ஒழுங்காக விழுந்திருந்தால் காயத்தின் விளிம்பு ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கிறது, அங்கே பட்டைக்குப் பெரிய வேலை இல்லை. ஆனாலும் பெரும்பாலான டாக்டர்கள் கேட்கிறார்கள், நானும் கொடுக்கிறேன். நோயாளியின் உடை காயத்தில் உரசாது, கையும் நேரே படாது, அந்த மட்டில் லாபம்தான்.

ஒட்டும் முறைக்கு வருகிறேன். மேசை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்ட ஒரு சிறுமி. புருவத்துக்கு மேலே இரண்டு செ.மீ. வெட்டு, குறுக்காக, நெற்றிச் சுருக்கத்தின் போக்கிலேயே விழுந்திருந்தது. தோலுக்கு இயல்பாகவே இழுவைக் கோடுகள் உண்டு. 1861-ல் வியன்னாவில் கார்ல் லாங்கர் சடலங்களின் தோலில் துளையிட்டுப் பார்த்து வரைந்த கோடுகள் அவை. வெட்டு அந்தப் போக்கில் விழுந்தால் விளிம்புகள் தாமாகவே நெருங்கி நிற்கும். டாக்டர் விளிம்பை மெல்ல விலக்கிப் பார்த்து, "ஆழம் இல்லம்மா, தையல் வேண்டாம், ஒட்டிடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். சிறுமி என்னைப் பார்த்து, "ஊசி இல்லைதானே அக்கா?" என்றாள்.

இல்லைதான். ஆனால் அவசரமும் கூடாது. முதலில் சலைன் என்ற உப்புநீர் விட்டு நன்றாகக் கழுவினோம். பிறகு காஜ் துணி வைத்து அழுத்திப் பிடித்தேன். அடிக்கடி எடுத்துப் பார்க்காமல் ஐந்து நிமிடம் முழுதாக அழுத்த வேண்டும். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் காயத்தில் பட்டை நிற்கவே நிற்காது. ஒரு சொட்டு ஊறி அடியில் பரவினால் பசை விட்டுவிடும். அப்புறம் காயத்துக்குள் படாமல் சுற்றிலும் இரண்டு மூன்று செ.மீ. வரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டும். துடைத்தபின் காய விட வேண்டும். இந்தக் காய விடும் நேரத்தைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள். ஸ்பிரிட் ஈரம் மினுக்கும்போதே ஒட்டிவிட்டு, "பட்டை சரியில்லை சிஸ்டர்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் பட்டை எப்போதும் காயத்தின் நடுவில். பட்டையின் ஒரு பாதியை மட்டும் காயத்தின் ஒரு பக்கத்தில் விளிம்புவரை வைத்து நன்றாக அழுத்தினேன். மறுபாதி அந்தரத்தில் நிற்கும். இப்போது டாக்டர் எதிர்ப் பக்கத் தோலை விரலால் தள்ளிக்கொண்டு வந்து விளிம்போடு விளிம்பு சேர்த்தார். சேர்ந்து நின்ற பிறகு, அந்தரத்தில் இருந்த பாதியை அதன்மேல் அப்படியே படுக்க வைத்தேன். தோலைக் கொண்டுவருவது விரலின் வேலை. கொண்டுவந்த இடத்தில் பிடித்து வைப்பது மட்டுமே பட்டையின் வேலை. நடுப் பட்டை விழுந்ததும் இருபுறமும் மீதமுள்ள இடைவெளியின் நடுவில் ஒவ்வொன்று. இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துப் போனால் ஒரு முனையில் தோல் மிஞ்சி மடிப்பாக நிற்காது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே 3 மி.மீ. அளவு விட்டேன். அந்த இடைவெளி வழியாக நீர் கசிந்து வெளியே வரும், காயத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். நெருக்கி நெருக்கி ஒட்டி முழுதாக மூடிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. கடைசியாக, பட்டைகளின் நுனிகள் மேல் காயத்துக்கு இணையாக மேலே ஒன்று, கீழே ஒன்று. நுனிகள் கிளம்பாமல் இருக்கவும், இழுவை ஒரே இடத்தில் குவியாமல் பரவவும் அவை.

நாலு நாள் கழித்து வந்தபோது பட்டைகள் அசையாமல் இருந்தன. அடியில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, அவ்வளவுதான். தையல் போட்டிருந்தால் கோட்டுக்கு இருபுறமும் விழுந்திருக்கக்கூடிய புள்ளிகள் இல்லை. மரப்பு ஊசி போடவில்லை, பிரிக்கும் நாளில் கத்தரியைப் பார்த்து அழ வேண்டியிருக்கவில்லை. குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இழுத்து ஒட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பார்க்கும் கோளாறுகளில் பாதிக்கும் மேல் இதனால்தான். பட்டையின் ஒரு நுனியை ஒட்டி, மறு நுனியைப் பிடித்து விறைப்பாக இழுத்து எதிர்ப் பக்கத்தில் ஒட்டினால் காயம் அழகாகச் சேர்ந்த மாதிரிதான் தெரியும். ஆனால் பட்டை நீளாது; அந்த விறைப்பை அடியிலுள்ள தோல்தான் தாங்க வேண்டும். மேல்தோல் பட்டையோடு நகரும், அடித்தோல் இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே நீர் கோத்து, பட்டையின் நுனியில் சரியாக அதன் அகலத்துக்கு ஒரு கொப்புளம் எழும்பும். இடுப்பு, முழங்கால் ஆபரேஷன்களில் ஒட்டும்போது சரியாக இருந்தாலும்கூட, அடுத்த ஓரிரு நாளில் வீக்கம் ஏறும்போது இதே கதை நடக்கும். காயம் பிரமாதமாக ஆறியிருக்க, சுற்றிலும் கொப்புளம் உடைந்து பச்சைப் புண்ணாக இருப்பதைப் பார்க்க மனசு கேட்காது. நோயாளி அதை "அலர்ஜி" என்று சொல்வார், கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதிவிடுவார்கள். அலர்ஜி என்றால் பசை பட்ட இடம் முழுக்கச் சிவந்து அரிக்கும். நுனியில் மட்டும் கொப்புளம் என்றால் அது இழுத்த கையின் வேலை. இந்த இரண்டையும் பிரித்து எழுதுங்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஏனென்றால் தவறாக அலர்ஜி என்று எழுதிய சீட்டு அந்த நோயாளியோடு வாழ்நாள் முழுக்கப் போகும்.

வீக்கம் வரும் என்று தெரிந்த இடத்துக்கு நீளும் வகைப் பட்டை இருக்கிறது. துணி கொஞ்சம் இழுபடும், வீக்கத்தோடு சேர்ந்து கொடுக்கும். மூட்டுக்குப் பக்கத்திலும் அதுதான் நல்லது. வழக்கமான பட்டையைவிடக் காயத்தைப் பிடிக்கும் உறுதி சற்றுக் குறைவு என்பதால் உள்தையல் இருக்கும் காயத்துக்கு மட்டும் அதை எடுத்துக் கொடுப்பேன்.

பென்சாயின் டிங்சர் பற்றி டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. சாம்பிராணி வாசம் அடிக்கும் பழுப்புத் திரவம். தோலில் தடவி ஒரு நிமிடம் காய விட்டால் பிசுபிசுவென்று நிற்கும், அதன்மேல் ஒட்டிய பட்டை இன்னும் பல நாள் நிற்கும். எனக்குப் பிடிக்கும், ஆனால் பஞ்சுக்குச்சியில் தொட்டு, காயத்தின் விளிம்புக்கு வெளியே மட்டும். காயத்துக்குள் போனால் ஆல்கஹால் கடுமையாக எரியும், திசுவையும் கெடுக்கும். சிலருக்கு இதுவே நிஜமான அலர்ஜியைக் கொடுக்கிறது. கண்ணுக்குப் பக்கத்தில் இதை நான் திறப்பதே இல்லை. அந்தச் சிறுமிக்கும் போடவில்லை.

எங்கே ஒட்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வியர்வை நிற்க விடாது. தலையில் முடி. முட்டி, முழங்கை, விரல் கணுக்களில் ஒவ்வொரு அசைவும் பட்டையைப் பிய்க்கும். வாய் பிளந்து நிற்கும் காயத்தை மேலே ஒட்டி மறைத்தால் உள்ளே பள்ளம் அப்படியே இருக்கும், அதில் ரத்தம் தேங்கிச் சீழ் பிடிக்கும். பட்டை மேல்தோலை மட்டுமே சேர்க்கிறது, ஆழத்தை அது மூடாது. தையல்போல விளிம்பைச் சற்று மேடாகத் தூக்கிச் சேர்க்கவும் இதனால் முடியாது. உள்ளே மடங்கி நிற்கும் விளிம்பின்மேல் ஒட்டினால் தழும்பு பள்ளமாகும். நாய்க்கடி, துருப்பிடித்தது குத்திய காயம், மண் அப்பிய காயம் எதையும் வீட்டில் ஒட்டி மூடாதீர்கள். விரலைச் சுற்றி வளையமாக ஒட்டுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. விரல் வீங்கினால் பட்டை விட்டுக்கொடுக்காது, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். விரலில் ஒட்டியே ஆக வேண்டும் என்றால் சாய்வாக, இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடாமல்.

தையலோடு ஒப்பிட்டால், இழுவை உள்ள இடத்தில் தையல்தான். ஆனால் கிருமி விஷயத்தில் பட்டைக்கு ஒரு நியாயமான மேன்மை உண்டு. ஊசி புதிதாகத் துளை போடுவதில்லை, நூல் என்ற அந்நியப் பொருள் உள்ளே தங்குவதில்லை. 1957-ல் எலெக், கோனென் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சக்கணக்கான ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. பட்டு நூல் ஒன்று உள்ளே இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. கையுறை மாட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

தோல் பசை, அதாவது சயனோஅக்ரிலேட், இன்னொரு போட்டியாளர். குழந்தைகளின் முகக் காயங்களில் பசையையும் பட்டையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் தழும்பின் அழகில் வித்தியாசம் தெரியவில்லை. பசைக்கு மேலே தண்ணீர் பட்டாலும் பரவாயில்லை, குழந்தை எளிதில் பிய்த்தெடுக்கவும் முடியாது. ஆனால் கண்ணுக்குள் ஒரு துளி வழிந்தால் இமை ஒட்டிக்கொள்ளும், காயத்துக்குள் இறங்கினால் ஆறுவதைத் தடுக்கும். பட்டை சரியாக விழவில்லை என்றால் எடுத்துவிட்டு இன்னொன்று ஒட்டலாம். அந்த ஒரு சௌகரியத்துக்காக நான் பட்டையின் பக்கம்.

மனிதர்கள் இதை இன்று நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸில் எகிப்திய மருத்துவர்கள் லினன் துணிப் பட்டைகளால் காயத்தின் இரு விளிம்புகளைச் சேர்ப்பது பற்றிய குறிப்பு இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் ஆம்புருவாஸ் பாரே முகக் காயத்தின் இருபக்கமும் பசை தடவிய துணியை ஒட்டி, தோலைக் குத்தாமல் அந்தத் துணிகளை மட்டும் ஒன்றோடொன்று தைத்தார். முகத்தில் தழும்பு விழக் கூடாது என்ற அவருடைய அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பாரேயின் அந்த யோசனைக்கு இன்றும் ஒரு வாரிசு உண்டு. வயதானவர்களின் தோல், நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் தோல், ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். ஊசி போட்டு நூலை இழுத்தால் நூல் தோலை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அப்போது காயத்தின் இரு விளிம்புக்கும் இணையாகப் பட்டை ஒட்டி, பட்டையோடு சேர்த்து ஊசியைக் குத்தித் தைக்கிறார் எங்கள் டாக்டர். நூலின் இழுவையைப் பட்டை தாங்கிக்கொள்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கிழியும் காயங்களில் தையலைவிடப் பட்டை ஒட்டியவை சீக்கிரம் ஆறின என்று 1985-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இருந்தாலும் தோல் மெல்லிய ஏடாகக் கிழிந்து மடங்கிய காயம் என்றால், இப்போது பட்டையைவிட ஒட்டாத சிலிகான் வலை டிரெஸ்ஸிங்கைத்தான் முதலில் எடுக்கிறோம். பட்டையைப் பிரிக்கும்போது அந்த ஏடும் சேர்ந்து வந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

மலிவுப் பட்டைகள் பற்றிக் கேட்பார்கள். ஒருமுறை எங்களுக்கு வந்த ஒரு சரக்கில் நீளவாக்கு நூலே இல்லை, துணி மட்டும். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஒட்டும்போது நன்றாக இருந்தது, மறுநாள் பட்டை நீண்டு காயம் லேசாக வாய் திறந்திருந்தது. அதிலிருந்து புதுப் பெட்டி எது வந்தாலும் ஒரு பட்டையை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்கிறேன். நீளும் வகை என்று கவரில் எழுதாத பட்டை நீளக் கூடாது. நடுவில் இடுப்பு குறுகிய பட்டாம்பூச்சி பிளாஸ்டர் அவசரத்துக்கு ஆகும், ஆனால் ஒரு இடத்தில் மட்டும் பிடிப்பதால் நீளமான காயத்துக்கு ஒத்து வராது.

வீட்டுக்குப் போனபின் நோயாளி செய்ய வேண்டியது குறைவு. முதல் ஒன்றிரண்டு நாள் நனைக்கக் கூடாது. பிறகு குளிக்கலாம், ஊற வைக்கக் கூடாது. தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். களிம்பு, எண்ணெய் எதுவும் அதன்மேல் தடவாதீர்கள். நல்லது செய்வதாக நினைத்து ஆன்டிபயாடிக் களிம்பைப் பூசிவிட்டு, பசை இளகிப் பட்டை வழுக்கி வந்து நிற்பவர்கள் அதிகம். நுனி சுருண்டால் இழுக்காமல் கத்தரியால் சுருண்ட அளவை மட்டும் வெட்டிவிடுங்கள். சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், வலி குறையாமல் கூடினால், சீழ் தெரிந்தால் காத்திருக்காமல் வந்து காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தோல் மூடியதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது.

பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து நாளில் தானாகவே உதிரும். எடுக்க வேண்டி வந்தால் ஒரு நுனியைப் பிடித்துக் காயத்தின் குறுக்கே ஒரே இழுப்பில் உரிக்கவே கூடாது. இப்படி உரித்து, ஆறிய காயத்தைத் திறந்துகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஒரு நுனியிலிருந்து காயத்தின் விளிம்புவரை மெதுவாக, பட்டையைத் தோலோடு தாழ்வாக மடக்கியபடி உரியுங்கள். மறுகை விரலால் தோலை அழுத்திப் பிடித்திருங்கள். பிறகு எதிர் நுனியிலிருந்தும் அதேபோல். இரண்டும் காயத்தின் மேல் வந்து சேர்ந்ததும் நேராக மேலே தூக்கி எடுத்துவிடலாம்.

தழும்பு தடித்துவிடும் பயம் இருக்கும் இடங்களில் பட்டை உதிர்ந்ததோடு விடாமல், காயத்தின் போக்கிலேயே காகித டேப் ஒட்டிப் பழகச் சொல்கிறேன். சிசேரியன் தழும்புகளில் 12 வாரம் இப்படி டேப் ஒட்டிப் பார்த்த ஆய்வு 2005-ல் வந்தது. ஒட்டியவர்களுக்குத் தழும்பு தடிப்பது குறைந்தது. செலவு குறைவு, வலி இல்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

வீட்டு முதலுதவிப் பெட்டிக்கு 6 × 75 இரண்டு கவர் போதும். கூடவே தனித்தனி ஸ்பிரிட் பஞ்சுக் கவரும், காஜும் வைத்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் பட்டைக்குப் பயனில்லை. பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காத காயம், விரல் மரத்துப்போன காயம், விரலை மடக்க முடியாத காயம், உதட்டின் ஓரக்கோடு வெட்டுப்பட்ட காயம் ஆகியவை உங்கள் பெட்டிக்கானவை அல்ல, நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். கவரைத் திறந்துவிட்டால் மிச்சப் பட்டைகளை அடுத்த காயத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். கவரின் மேல் காலாவதி மாதம் அச்சிட்டிருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள், தேதி தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.